5 வோல்ட் பின்னில் 12 வோல்ட் ஏறிவிட்டது: ஊனோ போர்டில் எது பிழைத்திருக்கும்?

#1 மாடித்தொட்டி

அனைவருக்கும் வணக்கம். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்துவதற்காக, ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற, புரோகிராம் ஏற்றக்கூடிய சிறு போர்டைக் கொண்டு ஒரு சிறிய பெட்டி செய்திருந்தேன். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றிலிருந்து மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் மாட்யூல் வழியாக 5 வோல்ட் எடுத்து, அதை நேராகப் போர்டின் 5 வோல்ட் பின்னில் கொடுத்தேன். அதே லைனிலிருந்துதான் 16x2 எல்சிடி, மோட்டாருக்குச் சுவிட்ச்சாக இருக்கும் ஒரு ரிலே போர்டு, நீர்மட்டம் பார்க்கும் எச்சி-எஸ்ஆர்04 சென்சார் ஆகியவையும் ஓடின.

மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. நேற்று மாலை பெட்டியைத் திறந்து ஒரு வயரை நகர்த்தினேன். எல்சிடியின் விளக்கு ஒரு கணம் கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்து அணைந்தது. கருகல் வாடையும் வந்தது. அதன்பின் லேப்டாப்பில் செருகினால் ஆன் எல்இடி ஒரு முறை மின்னிவிட்டு அணைந்துவிடுகிறது. யூஎஸ்பி போர்ட்டில் மின்சுமை மிகுந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருப்பேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. போர்டைக் காப்பாற்ற வழி உண்டா?

#2 பழைய சால்டர்

தம்பி, முதலில் அந்தப் போர்டை லேப்டாப்பில் செருகுவதை இத்துடன் நிறுத்துங்கள். ஷார்ட் ஆன போர்டைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பதால் உங்களுக்குத் தெரியவரப்போவது ஒன்றுமில்லை. போர்ட் போனால் இழப்பு மட்டும் பெரிது. மோட்டாருக்கான 230 வோல்ட் லைன் ரிலேயில் இன்னும் இணைந்திருந்தால், பிரேக்கரை இறக்கிவிட்டு அதைக் கழற்றி எடுத்து, முனைகளை மூடி வையுங்கள். எல்சிடி, சென்சார், ரிலே எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் போர்டை மட்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

நீங்கள் விவரிப்பது தலைகீழ் இணைப்பின் அறிகுறி அன்று. எல்சிடி விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்தது என்றால், மின்னழுத்தம் தலைகீழாகவில்லை, மிகையாகியிருக்கிறது. இந்தப் போர்டில் மின்சாரம் நுழைய நான்கு வாசல்கள் உண்டு. நான்கிலும் ஒரே அளவு காவல் கிடையாது. வட்ட ஜாக் வழியாக வந்தால் எம்7 டையோடு ஒன்று தலைகீழ் இணைப்பைத் தடுக்கும், அதன்பின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிறுத்தும் ரெகுலேட்டர் இருக்கிறது. வின் என்ற பின் டையோடுக்கு அப்பால் இருப்பதால் அங்கே தலைகீழ்க் காப்பு இல்லை, ரெகுலேட்டர் மட்டும் உண்டு. யூஎஸ்பியில் 500 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் இருக்கிறது. அது மின்னோட்டத்தைத் தடுக்குமே தவிர மின்னழுத்தத்தைத் தடுக்காது. நீங்கள் பயன்படுத்திய 5 வோல்ட் பின்னிலோ எதுவுமே இல்லை. அங்கே கொடுப்பது அப்படியே சிப்பின் விசிசி காலுக்கு, அதாவது அது மின்சாரம் எடுக்கும் காலுக்கு, போய்ச் சேரும். போர்டின் மூளையான ஏடிமெகா328பி என்ற பெரிய சிப், யூஎஸ்பி வேலையைப் பார்க்கும் 16யூ2 இரண்டுக்குமே தாங்கும் உச்ச வரம்பு 6 வோல்ட்.

மூன்று விவரம் வேண்டும். சம்பவம் நடந்தபோது யூஎஸ்பி கேபிளும் செருகியிருந்ததா? பக் மாட்யூலின் வெளியீடு இப்போது எத்தனை வோல்ட்? மின்சாரம் எதுவும் கொடுக்காத நிலையில் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே எத்தனை ஓம்? கடைசி அளவை, பெரிய சிப் சாக்கெட்டில் இருக்கும்போது ஒரு முறையும் கழற்றிய பின் ஒரு முறையும் எடுங்கள்.

#3 கரிச்சட்டி

நேரத்துக்கும் விலை உண்டு. நகல் போர்டு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, கருகிய போர்டுக்கு ஒரு வாரம் வைத்தியம் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.

#4 மாடித்தொட்டி

கரிச்சட்டி அவர்களே, புதிதும் வாங்கத்தான் போகிறேன். ஆனால் எதனால் போனது என்று தெரியாமல் புதிய போர்டை அதே பெட்டியில் வைத்தால், அதுவும் அடுத்த நாள் உங்கள் பெயருக்கு ஏற்றபடி ஆகிவிடும் அல்லவா?

பழைய சால்டர் ஐயாவுக்கு: முதல் பதிவில் சொல்லாமல் விட்டது தவறுதான், யூஎஸ்பி கேபிளும் செருகியிருந்தது. சீரியல் மானிட்டரில் சென்சாரின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பின் அந்தப் போர்ட்டில் நேற்றிரவு மவுஸ்கூட வேலை செய்யவில்லை. முழுவதுமாக அணைத்து மீண்டும் இயக்கியபின் சரியாகிவிட்டது.

5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே சிப் இருக்கும்போது 2.8 ஓம், கழற்றிய பின்னும் அதே 2.8 ஓம். மீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.4 ஓம் காட்டுகிறது. பக் மாட்யூலை இப்போது தனியாக அளந்தால் 5.02 வோல்ட். முதல் நாள் நான் திருகி வைத்ததும் இதே அளவுதான். 12 வோல்ட் எங்கிருந்து வந்தது என்பதே எனக்குப் புரியவில்லை.

#5 அலைமானி

இரண்டு அளவும் ஒன்றாக இருப்பது நல்ல செய்தி. சாக்கெட்டைவிட்டு வெளியே வந்த சிப் இந்த ஷார்ட்டுக்குக் காரணம் அன்று. குற்றவாளி இன்னும் போர்டின் மேலேயே இருக்கிறது. கம்பிகளின் 0.4 ஓமைக் கழித்தால் 2.4 ஓம் வருகிறது. வயரோ பற்றவைப்புத் துளியோ நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் பூஜ்ஜியத்துக்கு அருகில் காட்டியிருக்கும். இரண்டு மூன்று ஓம் என்பது பெரும்பாலும் உள்ளே உருகிப்போன ஒரு சிலிக்கானின் கையெழுத்து.

5 வோல்ட் லைனில் நேராகத் தொங்குபவை 16யூ2, எல்எம்வி358 என்ற எட்டுக்கால் ஆப்-ஆம்ப் (மின்னழுத்தங்களை ஒப்பிடப் பயன்படும் சிப்), 3.3 வோல்ட் தரும் எல்பி2985, இன்னும் சில கெபாசிட்டர்கள். இவற்றில் எல்பி2985 மட்டும் உள்ளீட்டில் 16 வோல்ட் வரை தாங்கும். ஆகவே பின்னால் 3.3 வோல்ட் பின்னை அளந்து, அங்கே சரியாக வருகிறது, போர்டு பிழைத்துவிட்டது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பலர் ஏமாறும் இடம் அது.

அளவு கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளை இருந்தால் 1 வோல்ட் வைத்து, எது சூடாகிறது என்று பாருங்கள்.

#6 மாடித்தொட்டி

அந்த மாதிரிச் சப்ளை என்னிடம் இல்லை. மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், பிரெட்போர்டு, இவைதான் என் ஆய்வுக்கூடம்.

#7 அலைமானி

அப்படியானால் டிவி ரிமோட்டிலிருந்து ஒரு ஏஏ பேட்டரியை எடுங்கள், ஒன்று மட்டும். பிளஸை 5 வோல்ட் பின்னிலும் மைனஸைக் கிரவுண்டிலும் பிடித்தால், உங்கள் 2.4 ஓமுக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர் ஓடும். 1.5 வோல்ட்டால் அந்த லைனில் பிழைத்திருக்கும் எந்தச் சிப்புக்கும் கேடு வராது. ஷார்ட் ஆன பாகத்தில் மட்டும் அரை வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கும். பத்து விநாடி கழித்து ஒவ்வொரு பாகத்தையும் விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் மெல்லிய படலமாகத் தடவுங்கள். எந்த இடம் முதலில் காய்கிறதோ அதுதான் ஆள்.

#8 மாடித்தொட்டி

கண்டுபிடித்துவிட்டேன்! யூஎஸ்பி சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சதுரச் சிப், அதாவது 16யூ2, பதினைந்து விநாடிக்குள் விரலை எடுக்க வைத்துவிட்டது. மற்றவை எல்லாம் குளிர்ச்சியாகவே இருக்கின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதன் முகத்தில், எழுத்துகளுக்கு நடுவே, குண்டூசி முனை அளவுக்கு ஒரு சிறு கொப்புளம் தெரிகிறது. வெறும் கண்ணுக்கு அது தூசி போலத்தான் இருந்தது. இதைக் கழற்றுவது எப்படி?

#9 பழைய சால்டர்

25 வாட் அயர்னைக் கொண்டு அதைத் தொடாதீர்கள். அந்தச் சிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் கிடையாது. சுற்றிலும் 32 தொடுமுனைகள், நடுவயிற்றில் ஒரு பெரிய பற்று. நெம்பினால் போர்டின் செப்புத்தடங்கள் உரிந்து வந்துவிடும். உங்கள் தெருவில் உள்ள செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோய், இந்த ஐசியை மட்டும் எடுத்துத் தாருங்கள், வேறு எதையும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடான காற்று அடிக்கும் கருவி வைத்திருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை. பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்டுகளுக்கு வெப்பம் தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

எடுத்தபின் மறுபடியும் ஓம் அளவு பாருங்கள். கிலோ ஓம் கணக்கில் ஏறியிருந்தால், பெரிய சிப்பைச் செருகாமலேயே வட்ட ஜாக்கில் 9 வோல்ட் கொடுத்து 5 வோல்ட் பின்னை அளந்துகொள்ளுங்கள். ரெகுலேட்டர் நலமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கழற்றி வைத்திருக்கும் 328பி சிப்பை யாருடைய நல்ல போர்டிலும் நேராகச் செருகிவிடாதீர்கள். முதலில் அதன் 7ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் இடையே ஓம் பாருங்கள். ஷார்ட் இல்லையென்றால் பிரெட்போர்டில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு வைத்து, 5 வோல்ட் லைனில் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். உள்ளே எது கெட்டிருந்தாலும் நூறு மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் போக அது விடாது. நண்பர் எவரிடமாவது இன்னொரு ஊனோ இருந்தால், அதில் ஆர்டுயினோ ஐஎஸ்பி ஸ்கெட்சை (வேறொரு சிப்பைப் படிக்க உதவும் புரோகிராம்) ஏற்றி இதன் சிக்னேச்சரை, அதாவது சிப்பின் வகையைச் சொல்லும் அடையாள எண்ணை, படித்துப் பார்க்கலாம். 1ஈ 95 0எஃப் என்று வர வேண்டும். எல்லாமே பூஜ்ஜியமாகவோ எல்லாமே எஃப் ஆகவோ வந்தால், வயரிங்கை ஒரு முறை சரிபார்த்துவிட்டு அதற்குக் கருமாதி செய்துவிடலாம்.

#10 மாடித்தொட்டி

செல்போன் கடை அண்ணன் ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. காசும் வாங்க மறுத்துவிட்டார். சிப் போனபின் மின்தடை 3 கிலோ ஓமுக்கு மேல் காட்டுகிறது. ஜாக்கில் 9 வோல்ட் கொடுத்தால் 5 வோல்ட் பின்னில் 4.98, 3.3 வோல்ட் பின்னில் 3.29.

328பி சிப்பின் 7, 8 கால்களுக்கு இடையே ஷார்ட் இல்லை. நண்பரின் ஊனோவைக் கொண்டு படித்தபோது 1ஈ 95 0எஃப் என்று வந்தது. வீட்டில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வரும் அளவுக்குக் கத்திவிட்டேன். எல்இடியை மின்னவைக்கும் பிளிங்க் ஸ்கெட்சை ஏற்றி, சிப்பை மீண்டும் என் போர்டில் செருகினேன். ஆனால் எல் என்ற எல்இடி மின்னவில்லை. மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. சிக்னேச்சர் சரியாக இருந்தும் சிப் ஓடவில்லையா?

#11 அலைமானி

எல்இடியின் பேச்சை நம்பாதீர்கள். ஆர்3 போர்டில் அந்த எல்இடி 13ஆம் பின்னில் நேராக இணைக்கப்பட்டிருப்பதில்லை. நான் முன்பே சொன்ன எல்எம்வி358 சிப்பின் ஒரு பாதி அதை இயக்குகிறது. அதன் இயக்க வரம்பு 5.5 வோல்ட், 12 வோல்ட் வந்தபோது அது தப்பித்திருக்க வாய்ப்பு குறைவு. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 13ஆம் பின்னையே நேராக அளந்து பாருங்கள்.

அதே சிப்பின் மறு பாதிதான் போர்டு யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. வின் மின்னழுத்தத்தின் பாதியை 3.3 வோல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து சுவிட்ச்சாக வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட்டைத் திறக்கும் அல்லது மூடும். அதாவது வின் 6.6 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும்வரை யூஎஸ்பியும் 5 வோல்ட் லைனும் ஒன்றோடொன்று கோத்தபடி இருக்கும். நீங்கள் ஜாக்கைக் காலியாக விட்டு 5 வோல்ட் பின்னில் கொடுத்ததால், எல்லாம் ஒழுங்காக இருந்த அந்த மூன்று நாளிலும், கேபிளைச் செருகியபோதெல்லாம் உங்கள் பக் மாட்யூலும் லேப்டாப்பும் நேருக்கு நேர் இணைந்திருந்தன. லேப்டாப் போர்ட் மீண்டும் உயிர்பெற்றது உங்கள் நல்ல நேரம்.

#12 மாடித்தொட்டி

நீங்கள் சொன்னது அப்படியே சரி. 13ஆம் பின்னில் மீட்டர் ஒரு விநாடி 0, ஒரு விநாடி 4.9 என்று மாறி மாறிக் காட்டுகிறது. சிப் ஓடுகிறது, எல்இடிதான் பொய் சொல்கிறது.

ஆனால் இன்னொன்றும் கவனித்தேன். ஏ3 பின்னைக் கிரவுண்டில் செருகிவிட்டு அனலாக் அளவைப் படித்தால் 0 வர வேண்டும், 140 வருகிறது. ஏ0, ஏ1 இரண்டும் சரியாக இருக்கின்றன. சென்சாருக்கு அனலாக் பின் தேவையில்லை என்பதால் இதே சிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

#13 பழைய சால்டர்

வேண்டாம். இது என் உறுதியான கருத்து. சிக்னேச்சர் சரியாக வந்தது என்றால் புரோகிராம் ஏற்றும் பகுதி உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே பொருள். மற்ற பகுதிகளுக்கு அது உத்தரவாதம் அன்று. ஏ3 காட்டுவது நமக்குத் தெரிந்த சேதம். தெரியாத சேதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நம்மால் சோதித்து முடிக்க இயலாது. மேசையில் விளக்கு மின்னவைக்க அந்தச் சிப் போதும். நள்ளிரவில் மோட்டாரை நிறுத்த வேண்டிய சிப் அப்படிப்பட்டதாக இருக்கக் கூடாது; தொட்டி வழிந்தால் தண்ணீர் மட்டும் போகும், கிணறு வற்றிய நேரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் அதன் கம்பிச்சுருளே போய்விடும்.

அது இந்த அளவுக்குப் பிழைத்ததற்கு என் ஊகம் இதுதான்: 16யூ2 முதலில் ஷார்ட் ஆகி, லைனின் மின்னழுத்தத்தைத் தன்மேல் இழுத்துக்கொண்டு கீழே இறக்கியிருக்கும். ஊகம்தான், நிரூபிக்க வழியில்லை.

புதிய சிப் வாங்கும்போது அதன் முதுகில் ஏடிமெகா328பி-பியூ என்று, எண்ணுக்குப் பிறகு ஒரு பி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் ஒரு முறை அவசரத்தில் பார்க்காமல் வாங்கிவந்தது பி இல்லாத 328. அதன் சிக்னேச்சர் 1ஈ 95 14 என்பதால், பூட்லோடர் என்ற தொடக்கப் புரோகிராமை ஏற்றப் போனால் மென்பொருள் முரண்டு பிடித்தது. இரண்டு மணி நேரம் வயரிங்கைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இனி அந்தப் போர்டின் யூஎஸ்பி சாக்கெட்டை மறந்துவிடுங்கள். மாஸ்ஃபெட்டைக் கட்டுப்படுத்தும் ஆப்-ஆம்ப் கெட்டிருக்கும்போது அங்கே கேபிள் செருகுவது முறையன்று. புரோகிராம் ஏற்றத் யூஎஸ்பியைச் சிப்பின் சீரியல் பின்களோடு இணைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் ஒன்றைத் தனியாக வாங்கி, அதன் டிஎக்ஸை 0ஆம் பின்னிலும் ஆர்எக்ஸை 1ஆம் பின்னிலும் கொடுத்து, டிடிஆர் காலை 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ரீசெட்டில் இணையுங்கள். கிரவுண்டும் கிரவுண்டும் இணைய வேண்டும். அடாப்டரின் 5 வோல்ட் காலை மட்டும் தொங்கவிடுங்கள்.

#14 வைகைக்கரை

இத்தனை பாடும் எதற்கு? 12 வோல்ட்டை நேராக ஜாக்கில் செருகியிருந்தால், போர்டின் ரெகுலேட்டரே பார்த்துக்கொண்டிருக்கும். 7 முதல் 12 வோல்ட் வரை கொடுக்கலாம் என்றுதானே போர்டின் விவரக்குறிப்பிலேயே போட்டிருக்கிறது?

#15 பழைய சால்டர்

போர்டு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. இவருடைய லைனில் ரிலேயும் எல்சிடி விளக்கும் இருக்கின்றன. நீலநிற 5 வோல்ட் ரிலே ஒன்றின் கம்பிச்சுருளே ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் குடிக்கும். எல்லாம் சேர்த்து 200 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், டையோடு போக 11.3 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறங்கும் 6.3 வோல்ட்டை அந்தச் சிறிய ரெகுலேட்டர் வெப்பமாகவே கழிக்க வேண்டும், 1.26 வாட். போர்டின் செப்புப் பரப்பைத் தவிர அதற்கு வேறு ஹீட்சிங்க் கிடையாது. மூடிய பெட்டியில், மாடி வெயிலில், அது சுட்டுச் சுட்டு அணையும். எனவே பக் மாட்யூல் போட்டது பிழையன்று. அதை 7.5 வோல்ட்டுக்கு வைத்து ஜாக்கில் கொடுத்துவிட்டு, ரிலேக்கு வேறு வழி செய்திருந்தால் மாட்யூல் கெட்டபோதும் அந்த 12 வோல்ட், போர்டின் ரெகுலேட்டரைத் தாண்டாமல் நின்றிருக்கும்.

தம்பி, மாட்யூலில் வெளியீட்டைத் திருகி வைக்கும் நீலநிற ட்ரிம்பாட்டை ஒரு முறை தட்டிப் பாருங்கள். மீட்டர் இணைந்திருக்கட்டும், வெளியீட்டில் வேறெதுவும் வேண்டாம்.

#16 மாடித்தொட்டி

ஐயா, மர்மம் விலகிவிட்டது. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ட்ரிம்பாட்டின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினேன். 5.02 என்று அமைதியாக நின்ற மீட்டர் 11.4க்குத் தாவி, இரண்டு விநாடி அங்கேயே நின்று, மீண்டும் 5.02க்கு இறங்கியது. மூன்றாவது தட்டிலும் அதே கூத்து. அன்று நான் வயரை நகர்த்தியபோது கை மாட்யூலில் பட்டிருக்கிறது.

#17 அலைமானி

அந்த மாட்யூலின் அமைப்பே அப்படி. ட்ரிம்பாட் வெளியீட்டுக்கும், வெளியீட்டின் அளவை ஐசி பார்த்துக்கொள்ளும் ஃபீட்பேக் காலுக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே இருக்கும் தொடுமுனை தூக்கிக்கொண்டால் ஃபீட்பேக் கால் கிரவுண்டுக்கு இறங்கிவிடும். வெளியீடு குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு ஐசி முழுவதுமாகத் திறந்துவிடும். வந்த 12 வோல்ட் ஏறத்தாழ அப்படியே வெளியேறும். ட்ரிம்பாட்டைக் கழற்றிவிட்டு நிலையான ரெசிஸ்டர் போடுங்கள். ஃபீட்பேக் காலுக்குக் கீழே கிரவுண்டை நோக்கி 330 ஓம் இருந்தால் மேலே ட்ரிம்பாட்டின் இடத்தில் 1 கிலோ ஓம் போதும், ஃபீட்பேக் காலின் 1.23 வோல்ட்டை 4.03ஆல் பெருக்கினால் 4.96 வோல்ட் வரும். இல்லையேல் வெளியீடு 5 வோல்ட்டிலேயே நிலைநிறுத்தப்பட்ட எல்எம்2596 ஐசியே தனியாகக் கிடைக்கிறது.

கூடவே வெளியீட்டில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும், அதற்குப் பின் கிரவுண்டை நோக்கி 1என்5339பி என்ற 5.6 வோல்ட், 5 வாட் ஜீனர் ஒன்றும் வையுங்கள். மின்னழுத்தம் ஏறினால் ஜீனர் இழுக்கும், ஃபியூஸ் போகும். ஜீனரே ஷார்ட் ஆகி இறந்தாலும் அது நமக்கு நன்மைதான். எஸ்எம்ஏஜே5.0ஏ என்ற டிவிஎஸ் டையோடைப் பலர் பரிந்துரைப்பார்கள். இந்த வேலைக்கு அது உதவாது. முழு மின்னோட்டத்தில் அது பிடித்து நிறுத்தும் அளவு 9.2 வோல்ட்; உங்கள் சிப்பின் வரம்போ 6.

#18 மாடித்தொட்டி

1 சதவீத 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட்டேன், 4.95 வோல்ட் வருகிறது, தட்டினாலும் குலுக்கினாலும் அசையவில்லை. ஃபியூஸும் ஜீனரும் போட்டாயிற்று. எல்சிடியைத் தனியாகச் சோதித்ததில் அது தப்பித்திருக்கிறது, சென்சார் போய்விட்டது. பெட்டிக்குள் இப்போது புதிய போர்டு இருக்கிறது. பழைய போர்டில் புதிய 328பி-பியூவைச் செருகி, யூஎஸ்பி-டிடிஎல் வழியாகப் புரோகிராம் ஏற்றி, மேசையில் சோதனைக்கு வைத்திருக்கிறேன். ஜாக்கில் 9 வோல்ட் கொடுத்தால் 31 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டு ஓடுகிறது.

#19 கரிச்சட்டி

குப்பையில் போடச் சொன்னவன் நான்தான். ட்ரிம்பாட் சங்கதியைப் படித்தபின், என் மேசையில் அதே மாட்யூல் இருக்கும் மூன்று பெட்டிகளையும் திறந்து தட்டிப் பார்த்தேன். ஒன்றில் மீட்டர் 7 வோல்ட் வரை துள்ளியது. உங்கள் பழைய சிப்பை என்ன செய்தீர்கள்?

#20 மாடித்தொட்டி

அதன் முதுகில் வெள்ளை மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன். நவராத்திரிக் கொலுப்படிக்கு எல்இடி மின்னவைக்க வேண்டும் என்று அக்கா மகள் கேட்டிருக்கிறாள். அதற்கு ஏ3 தேவைப்படாது.